ஓர்லின் பிரெக்கேயை யாரும் மூன்றாம் முறை கேட்கவில்லை

ஓர்லின் பிரெக்கேயின் பெயர் பொறித்த அலுமினியப் படகுகள் மினசோட்டாவின் ஏரிகளில் இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது தகட்டோடு தகட்டைச் சேர்க்க அவர் கையால் அடித்த ரிவெட் ஆணி கிடையாது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் பாடுபட வேண்டும். அவர் எதற்குமே பாடுபட்டதில்லை. போகிற இடத்தில் நாற்காலி தன்னால் வந்து பின்னால் நிற்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடுகிற ஆள். பல வருஷம் நாற்காலியும் அப்படியே வந்து நின்றது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

ஹெக்லா ஊரில் அவருடைய அப்பாவுக்கு ஒரு ஹார்ட்வேர் கடை இருந்தது. அப்பா இறந்ததும் அது இவருக்கு வந்தது. கடையை இவர் நடத்தினார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கடை தன்பாட்டில் நடந்தது, இவர் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்திருந்தார். யாராவது கதவுக்குக் கீல் கேட்டால், "அந்தப் பக்கம் இருக்கும், பாருங்க" என்று மோவாயால் காட்டுவார். காட்டிய பக்கத்தில் அது இருக்காது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தட்டைப் பாதம் என்று பட்டாளத்தில் அவரை எடுக்கவில்லை. அதற்குக் குறை சொல்ல முடியாது, பாதம் ஆண்டவர் கொடுத்தது. ஆனால் விமானம் செய்ய அலுமினியம் வேண்டும், வீட்டுப் பாத்திரங்களைக் கொடுங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது எங்கள் ஊர் வசூலுக்கு அவரே தலைவரானார். நாங்கள் காபி கெட்டிலையும் கேக் தட்டையும் கொண்டுவந்து கொட்டினோம். அவர் அந்தக் குவியல்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். சண்டை முடிந்து பையன்கள் வீடு திரும்பிய பிறகு பார்த்தால், குவியல் அவர் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே கிடந்தது.

"என்ன ஓர்லின், இத அனுப்பவே இல்லையா?" என்று எங்கள் போதகர் கேட்டார்.

"ரயில்வேல இருந்து யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு இருந்தேன். யாருமே வரலியே," என்றார் ஓர்லின். வராதவர்கள்மேல் அவருக்கு வருத்தம்.

என் சிநேகிதி போர்கில்ட் அந்தக் குவியலில் தன் கெட்டிலை மூக்கின் நெளிவை வைத்து அடையாளம் கண்டுபிடித்தாள். "இது பெர்லினுக்கு மேல பறக்குதுன்னு நெனச்சு நான் தெனமும் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்டி ஆர்டிஸ்," என்றாள் என்னிடம்.

போர்கில்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் நானும் சண்டை நடந்த வருஷங்களில் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு விமானப் பட்டறையில் ஜோடியாக ரிவெட் அடித்தவர்கள். சண்டை முடிந்ததும் எங்களுக்கு ஒரு கைகுலுக்கலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அம்மா வீட்டுக்கு வந்தேன். அவள் ஐனாரைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது வருஷமே சோளம் பறிக்கிற எந்திரம் ஐனாரின் வலது கையை முழங்கையோடு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு இருந்தது போர்கில்டின் இரண்டு கைகள்தான்.

அந்தச் சமயத்தில் நகரத்தில் விமானத்துக்கு மிஞ்சிப்போன அலுமினியத் தகடு சல்லிசாகக் கிடைத்தது. மரப் படகுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்து, தார் பூசி அலுத்துப்போன ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஏரி இல்லாத ஊர் கிடையாது. இதை ஆங்காங்கே பலரும் யோசித்துத் தகரக் கொட்டகைகளில் படகு செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஓர்லினும் யோசித்தார் என்று பிற்பாடு பேப்பரில் வந்தது. தகடு விற்கிறவன் அவருடைய கடை வாசலில் லாரியை நிறுத்தி, இறக்கட்டுமா என்று மூன்று தரம் கேட்டான், மூன்றாவது தரம் அவர் சரி என்றார். இவ்வளவுதான் அந்த யோசனை.

மூடிக்கிடந்த வெண்ணெய்ப் பண்ணைக் கட்டிடத்தில் பட்டறை தொடங்கியது. எதிர்க்கரையில் ஒருவர் செய்த மரப் படகைக் கடன் வாங்கிவந்து கவிழ்த்துப் போட்டு, "இதே மாதிரி" என்றார் ஓர்லின். அதோடு முதலாளியின் வேலை முடிந்தது. மற்றதை, அங்கே வேலைக்குச் சேர்ந்த நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஊரே கரையில் கூடியிருக்க, முதல் படகை ஓர்லின் தண்ணீரில் இறக்கினார். வெள்ளை உடுப்பில் படகின் நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். தண்ணீர் வடிய விடுகிற துவாரத்துக்கு ஒரு தக்கை உண்டு. அது கரையில் புல்லின்மேல் கிடந்தது. படகு மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மனிதர்கள் ஒருவர் முகத்துக்கு நேராக ஒரு குறையைச் சொல்வதைவிட அவர் முழுகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"கொஞ்சம் தாழ்வா மிதக்குற மாதிரி இல்ல, ஓர்லின்?" என்றார் போதகர், மிகவும் யோசித்து.

"அதுதான் இந்த மாடலோட விசேஷம்," என்றார் ஓர்லின்.

"கால்ல ஈரம் படுதோ?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ஏரின்னா ஈரம் இருக்கத்தான செய்யும்!"

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் பேச்சை முடித்தார். நாங்கள் கைதட்டினோம்.

இப்படித் தொடங்கியது பிரெக்கே படகுகளின் சரித்திரம். தொடங்கியபின் நன்றாகவே போனது, ஏனென்றால் அவர் பட்டறைக்குள் அதிகம் வரவில்லை. ஒரு படகுக்கு ஆயிரத்துக்கும் மேலே ரிவெட். வெளியிலிருந்து போர்கில்ட் ரிவெட் அடிக்கிற காற்றுத் துப்பாக்கியால் அடிப்பாள், உள்ளேயிருந்து நான் இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுப்பேன். கவிழ்த்த படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் அந்தச் சத்தம். பேச்சு கேட்காது, கட்டையால் தகட்டைத் தட்டித்தான் அவளுக்குச் சொல்வேன். நல்ல ரிவெட் என்றால் ஒரு தட்டு, திரும்ப அடி என்றால் இரண்டு தட்டு. மாலையில் வெளியே வந்தால் கோயில் மணி கூட பஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி இருக்கும். அதிர்கிற துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்து போர்கில்டின் விரல்கள் குளிர் பட்டால் வெளுத்து மரத்துப்போகும். மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். பிறகு இரத்தம் திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள்.

"ஓர்லினோட மூளையும் நம்ம தகட்டுலதான் செஞ்சிருக்கு," என்பாள் அந்த நேரத்தில். "எடை கம்மி, சத்தம் ஜாஸ்தி."

படகு விற்றது. ஓர்லின் பியூக் கார் வாங்கினார். எங்கள் லூத்தரன் சபையில் மூப்பர்களுக்குத் தலைவரானார். தலைவரானதும் சபைக்கு ஒரு ஞானஸ்நானத் தொட்டி செய்து கொடுத்தார், அலுமினியத்தில், அடிப்பக்கத்தில் பிரெக்கே என்று முத்திரை குத்தி. பழைய கல் தொட்டி நிலவறைக்குப் போனது. புதிய தொட்டியில் எந்தக் குழந்தை காலை உதைத்தாலும் டமார் என்று பால் கேன் விழுந்த மாதிரி சத்தம் கேட்கும். பிதா, குமாரன் என்று சொல்லி வரும்போதே டமார். பரிசுத்த ஆவியின் பெயரை அமைதியாகக் கேட்ட குழந்தை எங்கள் சபையில் அதற்குப் பிறகு இல்லை. அதைச் செய்தவள் நான். அதற்கு ரிவெட் அடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் வந்து பார்த்து, "இது தண்ணி ஒழுகாது, அதுக்கு நான் உத்தரவாதம்," என்றார்.

பிறகு ஃபைபர் கிளாஸ் படகு வந்தது. சிவப்பு, பச்சை, மீன் வால் மாதிரி பின்பக்கம். ஜனங்கள் அதன் பின்னால் போனார்கள். மற்ற படகுப் பட்டறைகள் ஏதேதோ செய்து பார்த்தன. எங்கள் முதலாளி ஜன்னல் ஓரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஐந்து நாள் வேலை மூன்று நாளானது. பட்டறை மூடினால் எங்களுக்கு இருந்த ஒரே வேலை, அடுத்த ஊரில் வான்கோழி அறுத்துச் சுத்தம் செய்கிற கூடம். பனிக்கட்டித் தண்ணீரில் காலையிலிருந்து மாலைவரை கை முக்கியே இருக்க வேண்டும். எனக்கு அது கஷ்டம். போர்கில்டின் விரலுக்கு அது என்ன செய்யும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வீட்டில் ஐனார் ஒரு கையால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மார்ச் மாதம் சிகாகோவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வருகிறார் என்று சேதி வந்தது. பெயர் டிராஸ்க். வடக்கே ஒரு பட்டறை வேண்டுமாம், எங்களுடையதைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். ஓர்லினின் மனைவி செல்மா என்னைக் கூப்பிட்டு, "ஆர்டிஸ், நீ வந்து காபி ஊத்து, என்னால தனியா சமாளிக்க முடியாது," என்றாள். அதனால் நான் அங்கே இருந்தேன். கேட்டதையும் பார்த்ததையும்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பது. இரண்டாம் தடவையும் ஐயோ சிரமப்படாதீங்க என்பது. மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை என்பது. கேட்கிறவர் மனசாரக் கேட்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கும் நமக்கும் அவகாசம். முதல் தடவையே நீட்டி வாங்கிக்கொள்கிறவனை நாங்கள் காய்ந்து கிடந்தவன் என்று நினைப்போம்.

டிராஸ்க் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். கோப்பையைக் கையில் வாங்கி, முதல் தடவையே வாங்கினார், மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"மிஸ்டர் பிரெக்கே, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். உங்க பட்டறைய நாங்க எடுத்துக்கிறோம். வேலை பாக்குறவங்க எல்லாரும் அப்படியே இருக்கட்டும். படகுக்குப் பேரும் உங்க பேரே இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதை நான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

"அட, அதெல்லாம் எதுக்குங்க," என்றார் ஓர்லின். "நாங்க ஏதோ இப்படியே இருந்துக்கிறோம். வேண்டாங்க."

"யோசிச்சுப் பாருங்க. ஊருல வேற எவனும் சொல்லாத விலைய நான் சொல்றேன்."

"இல்லைங்க, இல்லைங்க. உங்களுக்கு வீண் சிரமம். வேண்டாம்."

செல்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு ஆகிவிட்டது, அடுத்ததில் முடிந்துவிடும். நான் கேக் தட்டை டிராஸ்க் பக்கம் நகர்த்தினேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. ஓர்லினின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மனசுல உறுதியா இருக்கீங்க," என்றார். "இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளப் பாக்குறது அபூர்வம். நான் மதிக்கிறேன்." பையை மூடினார், கை கொடுத்தார், எழுந்தார்.

எங்கள் ஊரில் விடைபெறுவது என்றால் நாற்காலியில் ஒருதரம், கதவில் ஒருதரம், படியில் ஒருதரம், பிறகு காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி இன்னொருதரம். நிஜமான பேச்செல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் நடக்கும். அதனால் ஓர்லின் அவசரப்படவில்லை. டிராஸ்க் கதவில் நிற்கவில்லை. படியில் நிற்கவில்லை. கார் கண்ணாடி இறங்கவில்லை.

"ஓர்லின், ஓடு! கார நிறுத்து!" என்றாள் செல்மா.

"இரு செல்மா. முக்குல திருப்பிக்கிட்டு வருவான்."

முக்கில் அந்தக் கார் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. ஓர்லின் ஜன்னலில் நின்றுகொண்டே, ஏதோ மேகத்தைப் பார்க்கிறவர் மாதிரி, "அவங்க ஊருல மூணாவது தரம் தபால்ல கேப்பாங்க போல," என்றார்.

அன்றைக்கு அவர் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் வாய் தன்னால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். மறுநாள் காலையிலிருந்து அவர் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன். டிராஸ்கின் விலாச அட்டை, டெலிபோன் எண்ணோடு, அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். அவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போனார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார்.

"சிகாகோவே எங்கிட்ட வந்து நின்னுச்சு. ரெண்டு தரம் கேட்டான். ரெண்டு தரமும் வேணாம்னுட்டேன்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வருவான். மீன் சீசன் தொடங்கட்டும்."

தன்னிடம் ஒருவன் கெஞ்சினான் என்ற சந்தோஷத்தை அவர் வாரக்கணக்கில் நக்கி நக்கிச் சாப்பிட்டார். பட்டறையில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவருக்கு நினைவுக்கு வந்த மாதிரியே தெரியவில்லை. வந்திருந்தால் அது அவருக்கு இன்னும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

ஒருநாள் போர்கில்டும் நானும் அவருடைய ஆபீசுக்குப் போனோம். நேராகக் கேட்டுவிடுவது என்று படி ஏறும்போதே முடிவு செய்திருந்தோம்.

"ஏரியில ஐஸ் இளகுது போல, ஓர்லின்," என்றாள் போர்கில்ட்.

"ஆமா, இளகுது."

"சிகாகோ பக்கமெல்லாம் இந்நேரம் ஐஸே இருக்காது."

"இருக்காது."

"அங்க இருக்கவங்கல்லாம் எப்படி இருக்காங்களோ."

"இருப்பாங்க, அவங்களுக்கென்ன."

"இப்பல்லாம் போன்ல பேசினா பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே கேக்குதாமே," என்றேன் நான்.

"அப்படித்தான் சொல்றாங்க," என்றார் ஓர்லின். சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கீழே இறங்கும்போது போர்கில்டின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "இதுக்கு மேல எப்படிடி வெளிப்படையா பேசுறது? துணிய அவுத்துட்டு நின்ன மாதிரி இருக்கு எனக்கு."

தவக்காலத்துப் புதன்கிழமைகளில் ஆராதனைக்கு முன்னால் கோயில் நிலவறையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்தப் புதன்கிழமை பட்டாணி சூப். ஓர்லின் நடு மேசையில், தலைவருடைய இடத்தில், வாயைத் துடைத்துக்கொண்டு சிகாகோ கதையை இன்னொருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். போர்கில்ட் பரிமாறிக்கொண்டிருந்தாள். நிலவறையில் நல்ல குளிர். கரண்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஓர்லின்," என்றாள். "அந்த மனுஷனுக்குப் போன் பண்ணு."

பண்ணுங்கள் என்று கூடச் சொல்லவில்லை. ஸ்பூன் சத்தம் எல்லாம் நின்றுபோனது. எங்கள் சபையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, எல்லார் முன்னாலும், இதைச் செய் என்று சொன்னது அதற்கு முன்னால் கிடையாது. போதகர் தன் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐனார் தன் ஒரே கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார், அவள் அடித்துவிடுவாளோ என்று பயந்த மாதிரி.

"சூப் நல்லா வந்திருக்கு," என்றார் ஓர்லின்.

"போன் பண்ணு, ஓர்லின்," என்றாள் செல்மா. அவள் கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி, சரி. நாளைக்கு விசாரிச்சுப் பாக்குறேன். அதுக்கென்ன," என்றார் அவர்.

ஏரிச் சாலையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அப்போது டெலிபோனுக்கு ஒரே கம்பி. ஒருவர் பேசினால் மற்றவர் எடுத்துக் கேட்கலாம். கேட்பது தப்பு. மறுநாள் காலை நாங்கள் எல்லாரும் கேட்டோம். போர்கில்டின் வீட்டில் ஐனார் கேட்டார் என்று எனக்குத் தெரியும், அவருடைய இருமல் எனக்கு அடையாளம் தெரியும். நான் என் அம்மாவின் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவரே, இந்த ஒருதரம் அவர் வாயில் நீர் பேசும் என்று கேட்டுக்கொண்டேன்.

"மிஸ்டர் டிராஸ்க்குங்களா? நான் ஹெக்லாவுல இருந்து ஓர்லின் பிரெக்கே."

"சொல்லுங்க மிஸ்டர் பிரெக்கே!"

"ஒண்ணுமில்லைங்க. அன்னைக்கு நல்லபடியா ஊர் போய்ச் சேந்தீங்களான்னு கேக்கலாம்னு."

"அன்னைக்கா? ஆமா. சேந்துட்டேன். அது ஆச்சே ஒரு மாசத்துக்கு மேல."

"ரோடெல்லாம் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு." பிறகு டிராஸ்க், "லைன்ல வேற யாராச்சும் இருக்காங்களா? மூச்சு விடுற மாதிரி கேக்குது," என்றார்.

"காத்துங்க. இங்க காத்து ஜாஸ்தி."

"மிஸ்டர் பிரெக்கே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும், நாங்க விஸ்கான்சின்ல ஒரு எடம் பாத்திருக்கோம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. நீங்க எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா, அத இப்ப சொல்லிடுங்க."

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வா என்று சொல்ல மட்டும்தான் பாக்கி. கம்பியில் யாரோ, "கேளுங்களேன், கேளுங்களேன்," என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. ஓர்லினுக்கும் கேட்டிருக்கும்.

"அப்படிங்களா," என்றார் ஓர்லின். "விஸ்கான்சினா. நல்ல எடம். நல்ல ஜனங்க. ரொம்ப சந்தோஷம்." அவர் கொஞ்சம் காத்திருந்தார். டிராஸ்கும் காத்திருந்தார். "சரிங்க, உங்க வேலையக் கெடுக்க வேண்டாம், வச்சிடறேன்," என்று ஓர்லின் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் அவர் காபிக் கடையில் சொன்னாராம்: "நானே போன் பண்ணினேன். அப்பவும் அவன் வாயத் தொறந்து கேக்கலியே! என்ன மனுஷங்க!"

ஆகஸ்டில் பட்டறை மூடியது. கடைசி நாள் அவர் எங்களை வரிசையாக நிறுத்தி, சிகாகோக்காரர்களுக்கு மரியாதை தெரியாததால் வந்த வினை இது என்று பேசினார். மிஞ்சிய தகட்டில் ஆளுக்கு ஒரு சாம்பல் கிண்ணம் செய்ய வைத்திருந்தார், நடுவில் அவருடைய பெயர் போட்டு. எங்களில் புகை பிடிக்கிறவர்கள் இரண்டு பேர். எல்லாரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். வெளியே போகும்போது ஒவ்வொருவராக அதை வேலை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனோம். பேசி வைத்துக்கொண்டது இல்லை. முதலில் வைத்தவர் யார் என்றும் எனக்குத் தெரியாது.

"மறந்துட்டுப் போறீங்களே!" என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். நிஜமாகவே மறந்துவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார்.

அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்பா விட்டுப்போன ஏரிக்கரை நிலத்தைத் துண்டு போட்டு நகரத்துக்காரர்களுக்குக் கோடை வீடு கட்ட விற்றார். அவர்களே வந்து மூன்று தரம், நாலு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூப்பர் பதவியும் அவரிடமே இருந்தது. போர்கில்ட் நிலவறையில் பேசியது சபைக்கு ஒத்துவராது என்று ஒரு வார்த்தை எங்கிருந்தோ கிளம்பி எங்கள் காதுக்கு வந்தது. யார் கிளப்பியது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்காக நான் ஜெபிக்கிறேன். அந்த ஜெபம் நீளமாக இருப்பதில்லை.

வான்கோழிக் கூடத்துக்குப் போகிற பஸ்ஸுக்காக போர்கில்டும் நானும் மற்றவர்களும் காலையில் நெடுஞ்சாலை ஓரமாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்போம். முதல் வாரத்திலேயே அவள் விரல்களில் வெடிப்பு வந்து, பிறகு அது மூடவே இல்லை. துணி சுற்றி அதன்மேல் கையுறை மாட்டியிருப்பாள். அக்டோபரில் ஒருநாள் ஓர்லினின் பியூக் அந்த வழியாக வந்தது. எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, தொப்பியைத் தொட்டு, நன்றாகச் சிரித்துக் கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம். எங்கள் பக்கத்தில் கை தன்னால் உயர்ந்துவிடும், ஒன்றும் செய்ய முடியாது. கார் போனபிறகு போர்கில்ட் அவருக்கு அசைத்த கையிலிருந்து கையுறையைக் கழற்றினாள். துணி சுற்றிய அந்தக் கையைக் கோட்டில் நன்றாகத் துடைத்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள். பஸ் வந்தது.